விளக்கெண்ணெய் மகாத்மியம்

மதுரைப் பக்கத்தில் ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமானால் அதற்காக அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. "போடா, வெளக்கெண்ணெ!" என்றால் போதும். மந்த புத்தி, வழவழவென்ற பேச்சு, எந்தக் காரியத்துக்கும் உதவாத சுபாவம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். வைகைக் கரை நெடுக இப்படி வசவாகிப் போன ஒரு பண்டம், மனிதன் முதன்முதலாக ஆகாயத்தில் பறந்து சண்டை போட்ட காலத்தில் அவனுடைய இயந்திரத்துக்கு உயிர்நாடியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் குற்றமில்லை. பழைய மோட்டார் வண்டிகளை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படும் என் நண்பர்கள் சிலரே நம்பவில்லை. அவர்களுடைய தர்க்கத்தைப் பிற்பாடு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

ஆமணக்குச் செடியை யாரும் சீராட்டி வளர்ப்பதில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வரப்போரமாகவும் வேலியோரமாகவும் தானாக முளைத்து நிற்கும். கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுப்பார்கள். காய்ச்சுகிற வீட்டை நாலு தெருவுக்கு அப்பாலிருந்தே மூக்கு கண்டுபிடித்துவிடும். இந்த எண்ணெய்தான் விளக்கு எரித்தது; ஆகவே விளக்கெண்ணெய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மண்ணெண்ணெய் வந்து இறங்கியது. விளக்கு கைவிட்டுப் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உத்தியோகம் போன பிறகும் 'தாசில்தார் ஐயா' என்று கூப்பிடுவது போலத்தான்.

விளக்கைத் தவிர அதற்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. வைக்கோலைக் கொளுத்தி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. மசை என்றும் சொல்வார்கள். மசகு என்பதும் அதுவே. மூங்கில் குழாயிலோ தகரக் குவளையிலோ அதை நிரப்பி வண்டிக்கு அடியில் தொங்க விட்டிருப்பார்கள். புறப்படுமுன் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை நாலு விரற்கடை வெளியே இழுத்து, இரும்பு அச்சில் மையைத் தடவி, மறுபடி சக்கரத்தைத் தள்ளிவிடுவார். ஐந்து நிமிஷ வேலைதான். அதைச் செய்யாமல் கிளம்பினால் வண்டி ஊரைக் கூட்டும். செய்து கிளம்பினால், சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறுகிறவரின் வேட்டியில் ஒரு கறுப்பு முத்திரை விழும். எந்தச் சலவைத் தொழிலாளியும் அதை எடுத்ததாகக் கேள்வியில்லை. பெண் பார்க்கப் போன எத்தனை மாப்பிள்ளைகள் அந்த முத்திரையோடு பந்தலில் உட்கார்ந்தார்களோ!

கரியை எதற்காகக் கலந்தார்கள்? வெறும் எண்ணெய் வெயிலில் இளகி வழிந்துவிடும். மிருதுவான கரித்தூள் எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு, இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உராயாமல் இடையில் நிற்கும். இன்று கிராஃபைட் கிரீஸ் என்று டப்பாவில் விற்பதன் தத்துவமும் ஏறக்குறைய இதுதான். நம் வண்டிக்காரர்கள் அச்சைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர்கள். புறநானூற்றில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்லும்போது, கீழே கட்டியிருக்கும் சேம அச்சைக் குறிப்பிடுகிறார். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் எது முதலில் முறியும் என்பது உமணருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெப்னி டயருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய முன்னோர் அது.

1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. கரி தின்று புகை கக்கும் அந்தப் பிராணியைக் கண்டு விளக்கெண்ணெய் ஓடி ஒளியவில்லை. அக்காலத்து இந்திய ரயில்களில் மசகாகவும் அதுவே பயன்பட்டது. பிறகுதான் மண்ணுக்குள்ளிருந்து வந்த தாது எண்ணெய் மலிவாகி, கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி சீமைக்குப் போவோம். சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் வாக்குவம் ஆயில் கம்பெனியில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு 1899-ல் சொந்தமாக ஒரு மசகு எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தார். ரயிலுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றவர், மோட்டாரும் ஆகாய விமானமும் தலைகாட்டியதும் புதிய என்ஜின்களுக்குப் புதிய எண்ணெய் தேடினார். குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது எளிதாக ஓட வேண்டும். கொதிக்கும் சூட்டில் நீர்த்துப் போகவும் கூடாது. அவருடைய ஆட்கள் தாது எண்ணெயோடு எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? நம்முடைய ஆமணக்கெண்ணெயைத்தான். இங்கிலீஷில் அதற்குக் காஸ்டர் ஆயில் என்று பெயர். அந்தப் பெயரிலிருந்து 1909-ல் பிறந்ததுதான் காஸ்ட்ரால். பெட்ரோல் பங்குகளில் அந்தப் பச்சை சிவப்பு டப்பாவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஒரு விளக்கெண்ணெய்ப் பெயர் ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டார்கள்? வேக்ஃபீல்டு 1915-ல் லண்டன் மாநகரத்தின் லார்டு மேயராகவும் ஆனார். விளக்கெண்ணெய் அவரை நன்றாகவே வழுக்கிக்கொண்டு மேலே கொண்டுபோயிற்று.

முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்கள் பலவற்றில் ரோட்டரி என்ஜின் இருந்தது. அது விசித்திரமான ஜந்து. விசிறியோடு சேர்ந்து என்ஜின் முழுவதுமே சுழலும். எரிபொருளும் எண்ணெயும் ஒரே அறைக்குள் போகும். தாது எண்ணெய் பெட்ரோலில் கரைந்துவிடும்; கரைந்தால் மசகு எங்கே? ஆமணக்கெண்ணெய் லேசில் கரையாது. உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எனவே சுத்தமான விளக்கெண்ணெயையே ஊற்றினார்கள். வேலை முடிந்ததும் அது புகையோடு புகையாக வெளியே வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்திலும் மூக்கிலும் அப்பும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்பதை, சனிக்கிழமை காலையில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தமிழர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. யுத்தத்தின் கடைசியில் அமெரிக்கா தன் விமானங்களுக்காக ஆமணக்கு பயிரிட முனைந்தபோது, விதைக்கு இந்தியாவைத்தான் நாடிற்று.

மதுரையின் மோட்டார் சரித்திரமும் இதே சமயத்தில்தான் தொடங்குகிறது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழில், ரயில்வே, பாங்கு எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, 1911-ல் மதுரையில் சொந்தத் தொழிலில் இறங்கினார். சீக்கிரத்தில் பஸ் ஓடலாயிற்று. மேல வெளி வீதியில் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து நிலைத்துவிட்டது. அதே 1911-ல்தான் அமெரிக்காவில் மோட்டார் என்ஜினீயர்களின் சங்கம் எண்ணெய்களை அவற்றின் கெட்டித்தன்மையை வைத்து வகைப்படுத்தி எண் போட்டது. இன்று டப்பாவில் எஸ்.ஏ.இ. 30, 40 என்று காண்கிறோமே, அதன் பூர்வீகம் அது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சம்பவங்கள்தான். ஆனாலும் எனக்கு அவற்றைச் சேர்த்து நினைக்கப் பிடிக்கிறது.

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது பழைய மதுரைக்காரர்கள் சொல்லும் பெருமை. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு இவற்றைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். பஸ் நேரத்துக்கு வர வேண்டுமானால், அது முந்தின நாள் இரவே ஷெட்டில் தீர்மானமாகியிருக்க வேண்டும். டிரெய்ன் நட்டைக் கழற்றிக் கறுத்த எண்ணெயை வடித்தவன், நிப்பிள் நிப்பிளாகக் கிரீஸ் அடித்தவன், ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தவன் - இவர்கள் யார்? சரித்திரம் எழுதுகிறவர்கள் முதலாளியின் பெயரை எழுதுகிறார்கள். பஸ்களின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள். எண்ணெய்க் கையன்களை யாரும் எழுதவில்லை. அப்படி ஒருவருடைய பிள்ளையைச் சந்திக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதற்குக் காரணம் நான் மேலே சொன்ன நண்பர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசரடிப் பக்கத்து ஒரு ஷெட்டில், வேப்பமரத்தடியில் இவர்கள் கூடுவார்கள். டாக்டர் ஒருவர்; அவரிடம் மாரிஸ் மைனர். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். அவருடையது மார்க் டூ அம்பாஸடர். நூல் கடைக்காரர், அவருக்கு ஃபியட் 1100. கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவன் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளோடு வருவான். ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மேஸ்திரிக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. என்னிடம் பழைய கார் கிடையாது. வடைக்காகப் போகிறேன் என்று என் மனைவி சொல்வதில் பாதி உண்மை.

நான் கேட்ட அன்றைய சம்பாஷணை 20 டபிள்யூ 50 என்ற எண்ணெயில் ஆரம்பித்தது.

"அந்த டபிள்யூ எதற்கு?" என்றார் நூல் கடைக்காரர்.

"விண்டர். குளிர்காலம்" என்றார் டாக்டர்.

"மதுரையில ஏதுங்க குளிர்காலம்? மார்கழியில ரெண்டு நாள் மஃப்ளர் கட்டுறோம். அதுக்காக டின்னுக்குக் கூட நூறு ரூபாய் தரணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 20 டபிள்யூ என்பதைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக் குளிரில். அந்தக் குளிரை மதுரையில் பார்க்க வேண்டுமானால் ஐஸ் ஃபாக்டரிக்குத்தான் போக வேண்டும். பின்னால் வரும் 50 மட்டுமே நம் கத்திரி வெயிலுக்குச் சொந்தம். அது 100 டிகிரிச் சூட்டில் அளந்த கெட்டித்தன்மை. ஆனாலும் காலையில் என்ஜினைக் கிளப்பும் முதல் விநாடிகளில் எண்ணெய் சட்டென்று மேலே ஏற வேண்டும். தேய்மானத்தில் பெரும் பங்கு அப்போதுதான் நடக்கிறது. டபிள்யூவுக்கு மதுரையில் வேலை குறைவே தவிர, வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. இதை டாக்டர் விளக்கினார். நூல் கடைக்காரர், "நோயாளிக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்று கூறி வடையை எடுத்துக்கொண்டார்.

பேராசிரியருக்கு வேறு கவலை. "பாடப் புத்தகத்தில் இதை உயவு எண்ணெய் என்கிறார்கள். சங்க நூல்களில் உயவு என்றால் வருத்தம், தளர்ச்சி..."

"விலையைக் கேட்டா வருத்தம்தான் சார். பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்றார் நூல் கடைக்காரர்.

அதற்குள் பேராசிரியரின் அம்பாஸடருக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணே, ஒழுகுதே!" என்றான் ஜாவா இளைஞன்.

"ஒழுகுற வரைக்கும் உள்ள எண்ணெ இருக்குன்னு அர்த்தம், தம்பி. நின்னாத்தான் பயப்படணும்" என்றார் மேஸ்திரி.

வேடிக்கைக்காக அவர் சொன்னாலும், அந்த என்ஜினின் அமைப்பே அப்படி. இந்தக் காலத்து வண்டிகளைப் போல் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே திருகு மரை போல் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை, சொட்டு விழும். ஓடிக்கொண்டே இருப்பதற்காகச் செய்த வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது வேறு என்ன செய்யும்?

இளைஞன் நிறையப் படித்தவன். பழைய என்ஜின்களின் கேம் தண்டு தேயாமல் இருக்க எண்ணெயில் துத்தநாகச் சத்து வேண்டும்; புதுக் கார்களின் புகைப் பெட்டி கெடாமலிருக்க இப்போது அதைக் குறைத்துவிட்டார்கள் என்றான். அது மெய்தான். ஆனால் டாக்டர் விடவில்லை. "சித்த வைத்தியரிடம் நாக பற்பம் வாங்கி ஒரு சிட்டிகை போட்டுவிடலாமா?" என்றார். நாகம் என்றால் சித்த வைத்தியத்தில் துத்தநாகம். ஆங்கில வைத்தியர் ஒருவர் சித்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்து நான் கேட்டது அன்றுதான்.

இந்தச் சமயத்தில்தான் இளைஞன் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தான். பந்தயக் கார்களுக்கான எண்ணெயாம். வெளிநாட்டிலிருந்து நண்பன் கொண்டுவந்தானாம். விலையைச் சொன்னதும் நூல் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். டாக்டரின் மாரிஸ் மைனர் அடுத்த வாரம் கொடைக்கானல் மலை ஏறப் போகிறது. அதற்கு இதை ஊற்றலாம் என்பது அவன் யோசனை. மேஸ்திரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இது வெளக்கெண்ணெ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இளைஞனின் முகம் சிவந்துவிட்டது. வேக்ஃபீல்டையும் ரோட்டரி என்ஜினையும் அன்று நான் எடுத்துச் சொன்னது அவனைக் காப்பாற்றத்தான். டாக்டர் பாதி நம்பினார், நூல் கடைக்காரர், "கதை எழுதுறவங்க சொன்னா எப்படிங்க நம்புறது?" என்று கேட்டுவிட்டார். நம்பினவர் மேஸ்திரி ஒருவர்தான்.

"சார் சொல்றது சரிதான். நல்ல எண்ணெதான். ஆனா மைனருக்கு வேண்டாம் டாக்டர். மாசத்துக்கு ஒரு தடவை ஓடுற வண்டி. நின்னா இது உள்ளயே பிசினாப் போயிரும். இருக்கிற எண்ணெயோடயும் சேராது. ஓடுற வண்டிக்குத்தான் வெளக்கெண்ணெ; நிக்கிற வண்டிக்கு அது அரக்கு." மைனருக்குச் சாதாரண எண்ணெயே போதும் என்றும், மலையில் இரண்டு தடவை நிறுத்திக் குச்சியைப் பார்த்தால் சரி என்றும் சொல்லி முடித்தார்.

அந்த விரல் தேய்ப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தம் தகப்பனாரிடம் என்றார். தகப்பனார் யுத்த காலத்து பஸ் கிளீனர்.

1942-ஐப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தார்கள். பின்வாங்கிய பிரிட்டிஷார், சீரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளையும் எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று தாங்களே நாசம் செய்தார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து போயிருந்த தமிழர்கள் உள்படப் பதினாயிரக் கணக்கானவர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுபோகாமலிருக்க, மரக்கரியை எரித்து வாயு உண்டாக்கும் கொப்பரையை வண்டியோடு பொருத்தினார்கள். டி.வி.எஸ். அதைத் தானே தயாரித்தது. கேஸ் பிளாண்ட் பஸ் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

கரி வாயுவில் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோலின் சக்தி இராது, மேட்டில் திணறும். அதைவிடப் பெரிய தொல்லை, வடிகட்டியைத் தப்பி வரும் சாம்பல் துகள். அது சிலிண்டருக்குள் போய் எண்ணெயில் கலந்தால் அரத்தைப் போட்டுத் தேய்த்தது போலத்தான். மாற்று உறுப்புக் கிடைக்காத காலம். ஒரு என்ஜின் பிடித்துக்கொண்டால் அந்த வழித்தடம் நின்றது. சந்தைக்கு வந்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். ஆகையால் விடியுமுன் கரி மூட்டி, துருத்தி விசிறி, கண்ணெரிச்சலோடு நிற்கும் கிளீனர், கடைசியில் குச்சியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் வண்டி ஷெட்டை விட்டுப் போகாது. டிரைவர் கோபித்தாலும் சரி, கண்டக்டர் கெஞ்சினாலும் சரி. இருபது ரூபாய்ச் சம்பளக்காரரின் கட்டைவிரலுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்ததாம்.

"அப்பாவுக்கு அந்த வெரல்ல ரேகையே கிடையாது சார். தேஞ்சு போச்சு. பேங்குல கைநாட்டு வைக்கப் போனா அழியுது அழியுதுன்னு திருப்பி அனுப்புவாங்க" என்றார் மேஸ்திரி. அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். எண்ணெயை அங்கே யந்திரம் சோதிக்கிறது.

மதுரையின் டி.வி.எஸ். பஸ்கள் 1972-ல் அரசாங்கத்தின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. பர்மா ஷெல் 1976-ல் அரசுடைமையாயிற்று. அம்பாஸடர் 2014-ல் உற்பத்தி நின்றது. காஸ்ட்ரால் டப்பாக்களில் இன்றிருப்பவை பெரும்பாலும் விளக்கெண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத எண்ணெய்கள். உலகத்தில் அதிகமாக ஆமணக்கு விளைவிப்பது இன்றும் இந்தியாதான், பெரும்பகுதி குஜராத்தில்.

அன்று நாங்கள் கலையும் நேரத்துக்கு ஷெட் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அவனியாபுரம் பக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்தவர். மேஸ்திரிக்குப் பழைய பழக்கம். பெரியவர் ஒரு தகர டப்பாவை நீட்டினார். மேஸ்திரி பேராசிரியரின் காரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை அதில் ஊற்றினார்.

"போதுமா மாமா?"

"போதும்ப்பா. ஆனா போன தடவை நீ குடுத்தது ரெண்டு நாள்தான் நின்னுச்சு. வழுக்குது, பிடிக்க மாட்டேங்குது. மறுபடி கால் லிட்டர் வெளக்கெண்ணெ வாங்கி, கரியைப் போட்டுக் கொழச்சுத்தான் தடவுனேன்."

நூல் கடைக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். ஜாவா இளைஞன் தன் டின்னை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். பெரியவர் அதை மோந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன டப்பா என்ன விலை என்று கேட்டார். அவன் விலையை மட்டும் சொல்லவில்லை.